தீராத வலியும் தினசரி உழைப்பும்

நெசவாளர் சங்கங்களுக்கு ஆய்வுக்காகச் செல்லும்பொழுது நாம் முதலில் கேட்டு வாங்கும் ஏடுகளுள் ஒன்று உற்பத்திப் பதிவேடு. இன்ன அங்கத்தினர் இன்ன தேதியில் பாவும் ஊடை நூலும் பெற்றார், இன்ன தேதியில் சேலைகளை ஒப்படைத்தார், அதற்குக் கூலி இவ்வளவு என்பதெல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே பல மாதங்கள் வெற்றிடமாக இருந்தால் காரணம் கேட்பது நமது கடமை. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இரண்டே சொற்கள்: "இடுப்பு வலி."

அவ்விரண்டு சொற்களின் பொருளை நாம் நெடுநாள் சரியாக உணரவில்லை. உணராததனால் ஓர் அங்கத்தினருக்கு நாம் இழைத்த தவற்றைச் சொல்லிவிட்டு, பின்னர் விஷயத்துக்கு வருவதே முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சங்கத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு நெசவாளரின் கணக்கைப் பார்த்தோம். முப்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் பருத்திச் சேலை நெய்தவர். கடைசி ஓராண்டில் அவருடைய ஒப்படைப்பு ஒழுங்கின்றி இருந்தது. ஒரு வாரத்தில் பல சேலைகள். பிறகு இருபது நாள் ஒன்றும் இல்லை. மீண்டும் ஒரு சேலை. பிறகு ஒரு மாதம் வெறுமை. இறுதியில் வாங்கிய பாவையே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை அழைத்து விசாரித்தோம். நேராக நடந்து வந்தார். உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார். உடம்பில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, கையில் டாக்டர் சீட்டும் இல்லை. "ஐயா, புண்ணாக இருந்தால் அவிழ்த்துக் காட்டலாம், இதை எதைக் கொண்டு காட்டுவேன்?" என்றார். அதற்கு நாம் விடை சொல்லவில்லை. "தக்க காரணமின்றி நெசவை நிறுத்தியவர்" என்று குறிப்பு எழுதினோம். அக்குறிப்பின் பேரில் அவருக்குரிய பாவு வேறொருவருக்குச் சென்றது.

மறு ஆண்டு அதே ஊருக்குச் சென்றபோது அவருடைய தறிக்குழியில் விறகு அடுக்கியிருந்தது. கூலி நின்றதால் சேமநிதிச் சந்தாவும் நின்றிருந்தது. ஊசிக்கும் மாத்திரைக்குமாக வெளியில் வட்டிக்குக் கடன் பட்டிருந்தார். வலியோ குறையவில்லை, கூடியிருந்தது. தறியை விட்டு ஓய்ந்திருக்கிற ஒருவருக்கு வலி ஏன் கூட வேண்டும்? இக்கேள்வி நம்மை விடவில்லை. அரசு மருத்துவமனையில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை அங்கத்தினர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய வலியும் பழைய வலியும்

வலி இருவகைப்படும். கையில் கத்தி பட்டால் உண்டாவது ஒருவகை. அது நமக்கு நண்பன். "கையை எடு, காயத்தைப் பார்" என்று எச்சரித்துவிட்டு, காயம் ஆற ஆறத் தானும் விலகிக்கொள்ளும். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிப்பதோ அல்லது விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வருவதோ மற்றொரு வகை. இதனையே மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கின்றனர். முதுகில் தசைப்பிடிப்போ சுளுக்கோ ஏற்பட்டால் அது சாதாரணமாகச் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு, ஆற வேண்டியது ஆறிய பின்னும் வலி மட்டும் தங்கிவிடுகிறது.

இஃது ஏதோ நம் தறிக்காரர்களுக்கு மட்டும் வந்த துன்பம் அன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் மக்கள், அதாவது பதின்மூன்று பேரில் ஒருவர், கீழ்முதுகு வலியால் வருந்தினர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மனிதர் வேலை செய்ய இயலாமல் போவதற்கான காரணங்களுள் உலகிலேயே முதன்மையானது இதுதான்.

வலியளவும் காயத்தின் அளவும் ஒன்றல்ல

"இவ்வளவு வலிக்கிறதே, உள்ளே எவ்வளவு கெட்டுப்போயிருக்கும்!" என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் வலியின் அளவு காயத்தின் அளவைக் காட்டும் தராசு அன்று. இதற்கு இரண்டு சான்றுகள் கூறுவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், போர்முனையில் கடுமையான காயமுற்ற வீரர்களைக் கேட்டு ஆராய்ந்து 1946இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வீரர்களுள் பெரும்பாலோர் தமக்கு வலி மருந்து தேவையில்லை என்றே கூறினர். உயிர் தப்பினோம், இனி வீடு திரும்பலாம் என்ற நிம்மதி அவர்களுக்கு இருந்தது என்பது பீச்சர் கண்ட விளக்கம். காயம் பெரிது, வலி சிறிது.

மற்றொரு சான்று இதற்கு நேர்மாறானது. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 100க்கு 52 பேருக்கு, முதுகெலும்புத் தட்டு ஓரிடத்திலாவது பிதுங்கியிருந்தது. ஆனால் அவர்கள் வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தனர். "படத்தில் தட்டு விலகியிருக்கிறதாம்" என்று கேட்டவுடன் தறியை விற்க விலை பேசும் அங்கத்தினர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். தலை நரைப்பதுபோல வயதின் போக்கில் தட்டுகளிலும் தேய்வு வருகிறது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. எது காரணம், எது அன்று என்பதை மருத்துவரே பரிசோதித்துச் சொல்ல வேண்டும்.

காவல் நாயின் கதை

1965இல் ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா நாட்டு உளவியலறிஞரும், பாட்ரிக் வால் என்ற ஆங்கிலேய நரம்பியலறிஞரும் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். உடலிலிருந்து நரம்பு வழியே வரும் செய்திகள் நேரே மூளைக்குச் சென்று விடுவதில்லை; தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது; அக்கதவு சில வேளை அகலத் திறக்கிறது, சில வேளை ஒருக்களிக்கிறது என்றனர் அவர்கள். அடிபட்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி தணிவது இதனாலேயே. தேய்ப்பின் உணர்ச்சி முந்திச் சென்று கதவை ஒருக்களிக்கச் செய்கிறது. அதேபோல மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் அக்கதவைத் திறக்கவும் சாத்தவும் வல்லவை. பிற்கால ஆராய்ச்சியில் இதன் நுட்பங்கள் பல திருத்தப்பட்டன. ஆயினும் வலி என்பது மூளையும் நரம்பும் சேர்ந்து முடிவு செய்யும் ஒன்று என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

நாள்பட்ட வலியில் இக்கதவு பழுதாகித் திறந்தே கிடக்கிறது எனலாம். தோட்டத்தில் ஒருமுறை திருடன் புகுந்துவிட்டான். அதன்பின் காவல் நாய் சருகு அசைந்தாலும் குரைக்கிறது, வீட்டுக்காரர் வந்தாலும் குரைக்கிறது. திருடன் போய் ஆண்டு ஒன்றாகிவிட்டது, குரைப்பு நிற்கவில்லை. நாய் பொய் சொல்லவில்லை. அதன் செவி அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது. அவ்வாறே நீடித்த வலியில் நரம்புகள் கூர்மையடைந்து, குனிதல், உட்கார்தல் போன்ற சிறு அசைவுகளையும் ஆபத்தாக அறிவிக்கத் தொடங்குகின்றன. வலி உண்மை, ஆபத்து மட்டும் உண்மையன்று. இவ்வேறுபாட்டை அறிவதே பாதி வைத்தியம்.

உள்ளத்தின் பங்கு

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். உள்ளத்துக்கும் வலியில் பங்கு உண்டு என்றால், வலி வெறும் மனப்பிரமை என்பது பொருளன்று. வலி பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட இலக்கணம், வலியை உணர்ச்சியும் மனநிலையும் கலந்த அனுபவம் என்று கூறுவதோடு, ஒருவர் தமக்கு வலி உண்டு என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. நாம் அந்த நெசவாளரிடம் மதிக்கத் தவறியது இதனையே.

உள்ளம் வலியைப் பெருக்கும் வழிகள் சிலவற்றைக் காண்போம். முதலாவது அச்சம். "குனிந்தால் முதுகு முறிந்துவிடும்" என்று அஞ்சுபவர் குனிவதை விடுகிறார். குனியாததால் தசை இறுகித் தளர்கிறது. தளர்ந்த தசை சிறு வேலைக்கே நோகிறது. நோகவே அச்சம் வளர்கிறது. இரண்டாவது உறக்கமின்மை. வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்ட மறுநாள் வலி மிகுகிறது. மூன்றாவது கவலை. கடன், பெண்ணின் திருமணம், திருப்பிக் கொடுத்த பாவு ஆகிய எல்லாம் நரம்பின் செவியைக் கூர்மையாக்குகின்றன. நான்காவது தனிமை. தறியோசையை விட்டுத் திண்ணையில் தனித்திருப்பவருக்கு வலியைத் தவிர நினைப்பதற்கு வேறொன்றும் இருப்பதில்லை. நம் நெசவாளருக்கு ஓய்விலும் வலி கூடியதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? வலியைப் பெருக்கும் நான்கும் அவர் வீட்டில் இருந்தன. அவற்றுள் இரண்டேனும் நமது குறிப்பினால் வந்து சேர்ந்தவை.

படுக்கை மருந்தாகுமா?

வலி வந்தால் படுத்திரு என்பது பழைய போதனை. 1986இல் அமெரிக்காவில் முதுகு வலிக்காரர்கள் 203 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை இரண்டு நாளும் மற்றவரை ஏழு நாளும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். குணமடைவதில் ஏழு நாள் படுத்தவர்க்கு எந்த நன்மையும் கூடுதலாகக் கிட்டவில்லை. இரண்டு நாள் பிரிவினரோ வேலைக்குச் செல்லாத நாட்களில் 100க்கு 45 பங்கு குறைத்துக்கொண்டனர். 1995இல் பின்லாந்தில் நடந்த ஆராய்ச்சியும், இயன்ற அளவு வழக்கமான வேலைகளைச் செய்துவந்தவர்களே விரைவில் தேறினர் என்று காட்டியது.

ஒரு நாட்டு மக்களின் எண்ணத்தையே மாற்ற முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் தொலைக்காட்சி வாயிலாக, "முதுகு வலியென்று முடங்காதீர்; நடமாடுங்கள், வேலையில் இருங்கள்" என்ற கருத்தைப் பரப்பினார்கள். அவ்வாறு பரப்பாத அண்டை மாநிலத்தோடு ஒப்பிட்டபோது, விக்டோரியாவில் மக்களின் அச்சம் குறைந்திருந்தது; முதுகு வலிக்காகத் தொழிலாளர் கேட்ட நஷ்டஈட்டு மனுக்களும் குறைந்திருந்தன. அறிவுரை ஒன்றே அங்கு மருந்தாயிற்று.

அளவறிந்து உழைத்தல்

அப்படியானால் வலியைப் பொருட்படுத்தாமல் தறியில் உட்கார்ந்துவிடலாமா? கூடாது. நாம் குறிப்பிட்ட நெசவாளரின் பதிவேட்டை மீண்டும் நினைவுகூர்வோம். ஒரு வாரத்தில் பல சேலைகள், பிறகு இருபது நாள் வெறுமை என்றிருந்ததல்லவா? அதனை அன்று நாம் சோம்பல் என்று படித்தோம். உண்மையில் அஃது அவருடைய நோயின் வரைபடம். வலி சற்றுத் தணிந்த நாளில், விட்டுப்போன கூலியை எட்டிப் பிடிக்கப் பொழுது விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை நெய்திருக்கிறார்; அதன் பலனாகப் பல நாள் படுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நெய்யும் நாள் குறைந்து, படுக்கும் நாள் கூடிற்று.

இதற்கு மாற்று, வலியைப் பார்த்து வேலையை நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. கடனை ஒரே தொகையாகக் கட்ட முயன்று தவறுபவரைக் காட்டிலும், தவணை தவறாமல் சிறுகச் சிறுகக் கட்டுபவரே விரைவில் கடன் தீர்க்கிறார். உழைப்பும் அவ்வாறே. தறியில் தொந்தரவின்றி எத்தனை நிமிஷம் உட்கார முடிகிறது என்று சில நாட்கள் பார்க்க வேண்டும். இருபது நிமிஷம் என்றால் பதினைந்து நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும். சற்று நடந்து, தார் சுற்றி அல்லது நூல் பிரித்து, மீண்டும் அமரலாம். நல்ல நாளாயினும் அளவைத் தாண்டலாகாது. கெட்ட நாளாயினும் அடியோடு விடலாகாது. வாரத்துக்கு ஓரிரு நிமிஷம் கூட்டிக்கொண்டு போகலாம்.

குழித்தறியின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். கால்கள் குழியில் தொங்க, முதுகுக்குச் சாய்மானமின்றி, ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க, நாள் முழுதும் முன்சாய்ந்திருப்பது இத்தொழிலின் இயல்பு. உட்காரும் பலகையின் உயரம், அதன்மேல் சிறு மெத்தை, மிதி எட்டும் தூரம், வெளிச்சம் விழும் திசை ஆகியவற்றைத் தத்தம் உடலுக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டால் முன்சாய்வு குறையும். உழவர்களுக்கும் இது பொருந்தும். களையெடுப்பிலும் நடவிலும் மணிக்கணக்கில் குனிந்தே இராமல் இடையிடையே நிமிர்ந்து வேறு வேலை மாற்றிக்கொள்வதும், வரிசை நடவு செய்த வயலில் நின்றபடி தள்ளும் களைக்கருவியைப் பயன்படுத்துவதும் நன்று. தினமும் நடத்தலும், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளும் தசைகளுக்கு உரம் தருவன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சேவையும் சேர்க்கப்பெற்றது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றி விசாரிக்கலாம்.

மாத்திரையும் எச்சரிக்கையும்

நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி நூல், நோயைப் பற்றிய அறிவூட்டலையும், உடற்பயிற்சியையும், அச்சத்தை மாற்றும் உளவியல் முறைகளையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல், அபின் வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. டைக்ளோபினாக் முதலிய வலி மாத்திரைகளைச் சில நாட்களுக்கு டாக்டர் சொற்படி உட்கொள்ளலாம். கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும், சிறுநீரகத்துக்குக் கேடும் விளையக்கூடும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு இவ்வபாயம் அதிகம். பெயர் தெரியாத பொடிகளை நாடவே கூடாது.

பின்வரும் குறிகள் தோன்றினால் இக்கட்டுரையை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்: கால் பலம் குன்றுதல், தொடையிடுக்கிலும் மலவாய்ப் பக்கத்திலும் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காது போதல் அல்லது அடைபடுதல், வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்து அடிபட்ட பின் வரும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் வலி. இவை காவல் நாயின் வீண் குரைப்பு அல்ல, திருடனே வந்திருக்கக்கூடும்.

குடும்பமும் சங்கமும்

வலியுற்றவரை நம்பாமல் ஏசுவது ஒரு தவறு. அவரை ஒரு செம்பு நீரும் எடுக்க விடாமல் படுக்கவைத்துப் பணிவிடை செய்வது அன்பினால் நேரும் மற்றொரு தவறு. நம்பவும் வேண்டும், இயன்ற வேலையைச் செய்ய விடவும் வேண்டும். பெண்களின் வலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தார் சுற்றி, பாவுக்கு உதவி, சமைத்து, நீர் சுமக்கும் பெண்ணின் பெயர் பல வீடுகளில் சங்கப் பதிவேட்டிலேயே இல்லை. அவருடைய இடுப்பு வலிக்கு வெற்றிடம்கூடச் சாட்சி சொல்வதில்லை.

சங்க நிர்வாகிகள் செய்யத்தக்கவை சில உண்டு. ஒழுங்கின்றி ஒப்படைக்கும் அங்கத்தினரைப் பட்டியலிலிருந்து நீக்குமுன் அவரை வீட்டில் சென்று காணலாம். நீளம் குறைந்த பாவும், சற்று நீண்ட தவணையும் கொடுத்துத் தறியை நிற்காமல் வைக்கலாம். தறிக்குழியைத் திருத்த ஆகும் சிறு செலவுக்கு விதிகள் இடந்தரும் அளவில் கடன் வழங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை சங்கக் கட்டடத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து விளக்கம் சொல்லச் செய்யலாம். இவற்றுக்கு ஆகும் பணம் சொற்பம். முப்பது ஆண்டுத் தேர்ச்சியுள்ள ஒரு கையை இழப்பதனால் சங்கத்துக்கு நேரும் நஷ்டமோ எந்த ஐந்தொகையிலும் எழுதப்படுவதில்லை.

இறுதியாக அந்த நெசவாளரைப் பற்றி. நமது பழைய குறிப்பு தவறானது என்று நிர்வாகக் குழுவின் முன் எழுத்து மூலம் தெரிவித்தோம். குழுவினர் பெருந்தன்மையுடன் அவருக்குக் குறைந்த நீளப் பாவு கொடுத்தனர். விறகை அகற்றித் தறிக்குழியைச் சீராக்க இரண்டு நாள் ஆயிற்று. முதல் வாரத்தில் ஒரு வேளைக்குப் பத்து நிமிஷமே நெய்தார். இப்போது இடையிடையே எழுந்து நடந்து, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நெய்கிறார். வலி போய்விட்டதா என்று சென்ற ஆய்வின்போது கேட்டோம். "போகவில்லை ஐயா. அது ஒரு பக்கம் இருக்கிறது, நான் ஒரு பக்கம் நெய்கிறேன்" என்றார்.

அவருடைய பெயருக்கு நேரே இப்போது சேலைகளின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைவுதான். ஆனால் எந்த மாதமும் வெற்றிடமாக இல்லை. வெற்றிடம் காணும் மற்றப் பெயர்களுக்கு நேரே பேனாவை வைக்குமுன், ஒருமுறை அந்த வீட்டுத் திண்ணை வரை சென்று வருவோமாக.